கறிவேப்பிலைக்கு அடித்த மருந்து

செப்டம்பர் 9, செவ்வாய். பலெர்மோ.

நான் வேலை செய்யும் வைன் தோட்டத்துக்கு இன்று இயற்கை விவசாயச் சான்றிதழ் அதிகாரி வந்தார். தோட்டக்கார முதலாளியம்மா, சிஞ்ஞோரா, அவரை நேராக என் கறிவேப்பிலைச் செடியிடம் கூட்டி வந்தார். கடைசித் திராட்சை வரிசையின் ஓரத்தில் நான் நட்ட செடி.

"பாருங்கள், எங்கள் வேலையாளின் செடிகூட மருந்தில்லாமல்தான் வளர்கிறது" என்று பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

போன கிழமை அதில் பூச்சி மொய்த்தபோது, பல்லரோ சந்தையில் மருந்து வாங்கி வந்து ஒருவருக்கும் தெரியாமல் அடித்தேன். அன்று திராட்சைப் பக்கமாக நல்ல காற்று. சிஞ்ஞோராவின் குடும்பம் தோட்டத்தில் ஒரு சொட்டு மருந்தும் அடிப்பதில்லை.

அதிகாரி சோதனைக்கென்று கடைசி வரிசையில் ஒரு இலையும் கிள்ளவில்லை. நடு வரிசையில் கிள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி வசந்தியிடம் சொன்னேன்.

"தப்பியாச்சுதானே. இனி வாயைத் திறக்காதேங்கோ, வேலை போயிடும்" என்றாள்.

சாப்பிடும்போது பார்த்தால், பருப்பில் அந்தச் செடியின் இலை. மகளின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.

"ஏனப்பா எடுக்கிறியள்?" என்று கேட்டாள்.

வசந்தி எழும்பி, சட்டியோடு பருப்பைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

பருப்பைக் கொட்டியாயிற்று. கடைசி வரிசைத் திராட்சையை நாளைக்கு அறுக்கிறோம்.