ஆறாம் பாடத்து மேசியா

மார்ச் 4, செவ்வாய்

எட்டாம் வகுப்பு சமயங்கள் புத்தகத்தின் ஆறாம் பாடம், யூத சமயம், இன்று ப்ரூஃப் சரிபார்க்கப்பட்டு என் மேசைக்கு வந்தது. மூன்றாம் பக்க ஓரத்தில் பச்சை மையில் ஒரு வாக்கியம் முளைத்திருக்கிறது: ‘மேசியாவை எதிர்பார்த்திருந்த யூதர்கள், அவர் வந்தபோது அகக்கண் குருடாகி அவரை அறியாமல் போனார்கள்.’

கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அண்ணன். இறையியல் கல்லூரியில் இருபது வருடமாகப் பாடம் எடுக்கிறவர். மதம் என்று வந்தால் எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் அவரிடம்தான் சரிபார்க்க அனுப்புவார். நான் அண்ணன் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நானும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள்தான். இயேசுதான் மேசியா என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் கிறிஸ்தவத்துக்கு ஏழாம் பாடம் தனியாக இருக்கிறதே. யூதர்கள் என்ன நம்புகிறார்கள் என்று ஒரு பிள்ளை படிக்கிற இடத்தில் அவர்களைக் குருடர்கள் என்று எழுதினால் அதற்குப் பெயர் பாடமா?

மார்ச் 5, புதன்

சாப்பாட்டு மேசையில் கேட்டேவிட்டேன்.

“அது என் கருத்து இல்லம்மா. நடந்த விஷயம்” என்றார் அண்ணன்.

“நடந்ததுன்னு நாம நம்பறோம். அவங்க நம்பலையே. யார் சொல்றதுன்னாவது எழுதணும்ல?”

“உண்மைக்கு யார் சொன்னா என்ன? நீ முதல்ல விசுவாசியா, இல்ல ப்ரூஃப் ரீடரா?”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டும்தான், இரண்டிலும் பொய் எழுதக் கூடாது என்றேன். குரல் ஏறிவிட்டது. அண்ணி தட்டுகளை நகர்த்தி வைத்துவிட்டு, “மேசியா வந்தாரா, வரப்போறாரா, அது அப்புறம். சாப்பாடு வந்து பத்து நிமிஷம் ஆச்சு” என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

அண்ணன் பேசவில்லை. நானும்தான். நடுவில் அண்ணி தபால்காரி வேலை பார்க்கிறார்.

மார்ச் 7, வெள்ளி

பச்சை மையை அடித்துவிட்டு நானே எழுதினேன்: ‘பாவங்களிலிருந்து மீட்கும் மேசியா இன்னும் வரவில்லை என்று நம்பும் யூதர்கள், அவருக்காகக் காத்திருக்கிறார்கள்.’ யாரையும் திட்டவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு யூதரிடம் காட்டிவிட்டால் பெரியவரிடம் வாதாடத் தெம்பாக இருக்கும். (பெரியவர் என்றால் தலைமைப் பதிப்பாசிரியர். ஆபீஸில் அதுதான் பெயர். ஆள் என்னைவிட இரண்டு வயது சின்னவர்.) எனக்குத் தெரிந்த யூதர் ஒருவர்தான், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பத்து வருடமாக என் கண்ணின் பவர் அவருக்கு அத்துப்படி. நாளை சனி, யூதர்களுக்கு ஓய்வுநாள், கடை இருக்காது. ஞாயிறு போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

ஆராதனை முடிந்து நேரே கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு ஃப்ரேமின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணனுடைய வாக்கியத்தைப் படித்தார். “இது எங்களுக்குப் பழகிப்போச்சு” என்று ஒதுக்கி வைத்தார். என்னுடையதை இரண்டு தடவை படித்தார்.

“இது யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

“இதுல தப்பு இன்னும் ஜாஸ்தி.”

சுருக்கென்றது. அவர் சொன்னதை மறக்கும் முன் எழுதிவிடுகிறேன். மேசியா என்றால் எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அரசர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் செய்தது. யூதர்கள் எதிர்பார்ப்பது தாவீதின் வம்சத்தில் பிறக்கப்போகும் ஒரு மனிதரை. அவர் கடவுள் கிடையாது, யாரும் அவரை வணங்கப்போவதும் கிடையாது. சிதறிய மக்கள் ஒன்று சேர்வார்கள், இடிக்கப்பட்ட அவர்களுடைய பழைய தேவாலயம் மறுபடி எழும்பும், யுத்தம் நின்றுபோகும், உலகம் முழுக்கக் கடவுளை அறியும்.

“இதெல்லாம் நடந்தாத்தான் அவர் வந்தார்னு அர்த்தம். காலையில பேப்பர் பாத்தீங்கல்ல? நடந்த மாதிரியா இருக்கு?” என்றார். ஆள் என்று யாரையும் எதிர்பார்க்காமல், அப்படி ஒரு காலம் வரும் என்று மட்டும் நம்புகிற யூதர்களும் உண்டாம்.

“அப்போ பாவம்? அதுக்கு யார்?” என்று கேட்டேன்.

“அதுக்கு எதுக்கு மேசியா? தப்பு பண்ணினவன் திருந்தணும். யாருக்குப் பண்ணினானோ அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் கடவுள் முன்னால நேரா போய் நிக்கணும். நடுவுல ஆள் வேண்டாம்.”

அடிபட்டு மற்றவர்களின் பாவத்தைச் சுமக்கும் ஊழியனைப் பற்றி நம் இருவருக்கும் பொதுவான வேதத்தில் ஒரு தீர்க்கதரிசி எழுதியிருக்கிறாரே, அது இயேசுதானே என்றேன். அது தங்கள் ஜனத்தையே குறிக்கிறது என்றுதான் அவர்களில் பெரும்பாலோர் படிக்கிறார்களாம்.

பிறகு ப்ரூஃபை என் பக்கம் தள்ளிச் சொன்னார்: “உங்க அண்ணன் எங்களைத் திட்டினார். பரவாயில்ல, எங்களைன்னு தெரியுது. நீங்க உங்க மேசியாவையே எடுத்து, இன்னும் வரலைன்னு மட்டும் சொல்லி எங்க வாசல்ல நிக்க வெச்சுட்டீங்க. இதுல நாங்க எங்க இருக்கோம்?”

நன்றி என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். ஒரு வாரமா யாருக்காக மல்லுக்கட்டறேன்? வீட்டுல மூஞ்சி பாக்க முடியல. இவர் என்னடான்னா எனக்கே மார்க் போடறார்.

மார்ச் 10, திங்கள்

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தது, எங்களுக்கும் அவர்களுக்கும் தேதியில்தான் வித்தியாசம் என்று. வந்துவிட்டார், வரவில்லை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு காரியங்களைப் பேசுகிறோம் என்று இந்த வயதுவரை தோன்றவேயில்லை. எனக்கு மேசியா என்றால் சிலுவை, மன்னிப்பு, உயிர்த்தெழுதல், மறுபடி வருவார். அவர்களுக்கு அது திருத்தப்பட்ட உலகம். வேலை முடிக்காமல் போய்விட்டு இரண்டாம் முறை வருவது என்பதே அவர்கள் கணக்கில் இல்லை.

மத்தியானம் உட்கார்ந்து நான்கு வாக்கியமாக எழுதினேன். நான்கும் ‘யூதர்களின் நம்பிக்கைப்படி’ என்ற தலைப்புக்குக் கீழே. போனில் கடைக்காரருக்குப் படித்துக் காட்டினேன். “இது நாங்கதான்” என்றார். நேற்றைக்கு நன்றி சொன்னேன், கொஞ்சம் முறைப்பாக.

மார்ச் 12, புதன்

பெரியவர் நான்கு வாக்கியத்தையும் படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க அண்ணன் கோவிச்சுப்பாரே” என்றார். பிறகு சமரசம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். அண்ணன் வாக்கியத்தில் ‘அகக்கண் குருடாகி’ என்பதை மட்டும் எடுத்துவிடலாமாம். மீதி அப்படியே இருக்கட்டுமாம்.

“சார், அது அவங்க பாடம்.”

“இந்தப் புத்தகத்தை எத்தனை யூதப் பிள்ளைங்க படிக்கப்போறாங்க? மூணு? நாலு?”

இதைச் சொல்லும்போது அவர் ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை. அந்த நாலு பிள்ளைகளும் வகுப்பில் எழுந்து நின்று இதைச் சத்தமாக வாசிக்கும்போது மீதி நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்களே. அதற்கு யார் பதில் சொல்வது?

அச்சுக்குப் போகும் பக்கத்தில் என் கையெழுத்து வேண்டும். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திங்கள்கிழமைவரை யோசிக்கச் சொன்னார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 15, சனி

செய்தது சரியா தெரியவில்லை. செய்துவிட்டேன்.

ஏழாம் பாடமும் சரிபார்க்க அண்ணனிடம் போகவேண்டியிருந்தது. கிறிஸ்தவ சமயம். அதில் ஒரு வாக்கியம் தட்டச்சு செய்து சேர்த்தேன்: ‘மேசியா வரும்போது உலகில் சமாதானம் உண்டாகும் என்று சொல்லப்பட்டிருந்தும், அது உண்டாகாத நிலையில், கிறிஸ்தவர்கள் தவறான ஒருவரை மேசியா என்று நம்பி ஏமாந்தார்கள்.’ அண்ணன் மேசையில் வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

கால்மணி நேரத்தில் படி அதிர ஏறி வந்தார். பத்து நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

“யார் எழுதினது இந்த அக்கிரமத்தை?”

“நான்தான்.”

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இது பிள்ளைங்க படிக்கிற புத்தகம். நாம என்ன நம்பறோம்னு சொல்ற இடத்துல எவனோ வந்து நாம ஏமாந்தோம்னு எழுதுவானா? எழுதறதுக்கு அவன் யாரு?”

ஆறாம் பாடத்து மூன்றாம் பக்கத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் பார்த்தார். முகம் சிவந்தது. “விசுவாசத்தோட விளையாடாதே” என்றார். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அழுதேன். கோபம்தான். அண்ணன் முகம் அப்படி ஆனதைப் பார்த்ததும் காரணமாக இருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

கையெழுத்துப் போடவில்லை. பெரியவர் என்னைக் கணக்குப் புத்தகத்தின் விடைப் பக்கங்களுக்கு மாற்றிவிட்டார். பதினெட்டு வருட அனுபவத்துக்கு மரியாதை.

மார்ச் 20, வியாழன்

ஆறாம் பாடம் அச்சுக்குப் போய்விட்டது. என்னுடைய நான்கு வாக்கியங்களோடு. லேஅவுட் போடுகிற பெண்தான் வந்து சொன்னாள். அண்ணன் செவ்வாயன்றே பெரியவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம், பச்சை மையில், இரண்டே வரி: ‘ஆறாம் பாடத்தில் நான் சேர்த்த வாக்கியம் அந்தப் பாடத்துக்கு உரியதல்ல, நீக்கிவிடவும்.’

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

புத்தகம் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் ‘சரிபார்த்தவர்’ என்று அண்ணன் பெயர். என் பெயர் எங்கும் இல்லை. நான் இன்னும் விடைப் பக்கங்களில்தான் இருக்கிறேன். இதையும் ஒருநாள் கேட்கத்தான் போகிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணன் கேட்டார், என் பக்கம் திரும்பாமல்: “இவ்வளவு காலம் காத்திருந்து அவங்களுக்குச் சலிச்சுப் போகலையாமா?”

“எனக்கென்ன தெரியும்? கேட்டுச் சொல்றேன்.”

“நீ கேட்டா சண்டையில முடியும். உன் அண்ணி சொன்ன அந்தக் கண்ணாடிக் கடை எங்க இருக்கு?”

அவருடைய நம்பிக்கை ஒரு நூல்கூட அசையவில்லை. அதை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டினார். மூன்று மணிக்குப் போனவர். ஆறரைக்குக் கடைக்காரரிடமிருந்து போன்.

“உங்க அண்ணன் இங்கதான் இருக்கார். நானும் விடல, அவரும் விடல. நான் கடையை அடைக்கணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“நாற்காலி இருக்கா சார்?” என்றேன்.

“இருக்கு. உக்காந்துதான் இருக்கார்.”

இன்னும் ஒரு அரைமணி நேரம் விடச் சொன்னேன்.