கொசுவலைக்குள் வைத்த பூ

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பேச்சுவார்த்தைதான் நான்கு நாளாக இல்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கவேண்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்தால் ஒரு நிமிஷம்ப்பா லேப்ல கூப்பிடறாங்க என்று வைத்துவிடுவாய், அந்த ஒரு நிமிஷம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் முடியும். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, வைத்தாலும் அது மேஜைமேல் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் ஆர்க்கிட் பூவை நான் தொட்டுவிட்டேன். தொட்டதோடு விடவில்லை, எதைச் செய்யவே கூடாது என்று நீ தலைபாடாய் அடித்துக்கொண்டாயோ அதையே செய்துவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ஏழு வருஷத்துக்கு முன்னால் சுண்டுவிரல் நீளச் செடியை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாய். ஈரம் வேண்டும் என்று சொன்னதால் அவள் அதைக் குளியலறை ஜன்னலில் வைத்தாள், அன்றிலிருந்து இந்த வீட்டில் அந்த ஜன்னலைத் திறக்க யாருக்கும் உரிமை கிடையாது. இந்த வருஷம்தான் முதல்முறையாக இரண்டு மொட்டு விட்டது. முதல் பூ விரிந்தது, மெழுகில் வார்த்த நட்சத்திரம் போல வெள்ளை, பொழுது சாய்ந்தால் வீடு முழுக்க வாசனை, பின்பக்கம் வால் போலத் தொங்குகிற குழாய். என் கடையில் மூக்குக்கண்ணாடி பிரேம் அளக்கிற ஸ்கேலைக் கொண்டுவந்து அளந்தேன், ஒரு அடிக்கு அரை விரற்கடைதான் குறைவு. உன்னிடம் சொன்னபோது நீ துள்ளிக் குதித்தாய். யாரும் தொடாதீங்க, வேறொரு செடியோட மகரந்தத்தை நானே கொண்டுவந்து சேர்க்கிறேன், அடுத்த வாரம் கிளம்பறேன் என்றாய். அந்த அடுத்த வாரம் இரண்டு மாதமாக நடந்து வந்துகொண்டிருக்கிறது. முதல் பூ ஆறு வாரம் பார்த்துவிட்டு மஞ்சளாகி உதிர்ந்தது. அதற்குள் இரண்டாவது விரிந்திருந்தது.

அப்போதுதான் உன் அம்மா உன் கட்டிலிலிருந்த கொசுவலையை அவிழ்த்துக்கொண்டு போய் அந்தத் தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். குளிக்கப் போகிறவன் வலைக்குப் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு குளிக்கவேண்டும். ஒரு தேனீ உள்ளே வந்தால் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். இந்தப் பூவின் தேன் குழாயின் அடியில் இருக்கிறது, அதை எட்டிக் குடிக்கிற அந்துப்பூச்சி அதன் சொந்தக் காட்டில்தான் இருக்கிறது, இங்கே எதாலும் முடியாது என்று நீ சொன்னதை நானும் படித்துப் படித்துச் சொன்னேன். நம் ஊரில் ஒரு அடி நாக்கு உள்ள ஒரே ஜீவன் உன் சின்ன அத்தைதான், அவளும் பூப்பக்கம் போவதில்லை என்றேன். அம்மா சிரிக்கவில்லை. எதுக்கும் இருக்கட்டும், குழந்தை கேட்டிருக்கா என்றாள். குழந்தைக்கு முப்பத்து நான்கு வயது.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு முறை நாள் வாங்கினேன், இரண்டு முறையும் என்னிடம் சொல்லாமலேயே தள்ளிப்போட்டாள். அவ வர்ற நேரத்தில நான் கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தா செடியை யார் காட்டுவா என்று கேட்கிறாள். இன்னும் நாள் கடத்தினால் சிகிச்சையே கஷ்டமாகிவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்துவிட்டார். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி அனுப்புகிறேன், என் வீட்டில் ஒருத்தி சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியத்தையும் இந்தக் கடிதத்தோடு சேர்த்து உடைத்தாயிற்று.

போன வியாழக்கிழமை, மூன்றாவதாக நான் வாங்கியிருந்த தேதியையும் ரத்து செய்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்குப் போன் வந்தது. கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். குளியலறையில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் தொட்டியில் விழவில்லை, ஒரு சாண் தள்ளி ஜன்னல் கட்டையில் விழுந்து அவள் காலிலேயே வழிந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. இன்னிக்குப் பூ இன்னும் பளிச்சுன்னு இருக்குல்ல என்று என்னைக் கேட்டாள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பேசுகிற இருபது நிமிஷத்தில் பதினெட்டு நிமிஷம் இந்தப் பூவும் அந்தப் பூச்சியும்தானே, அதனால் எனக்கு எல்லாம் மனப்பாடம். குழாய் கட்டையாக இருந்தால் பூச்சி முகத்தை அழுத்தாமலே தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும், மகரந்தம் ஒட்டாது, அதனால் நீளக் குழாய் உள்ள பூதான் அதிகம் காய்த்தது. குழாய் நீண்டதும் கட்டை நாக்குப் பூச்சி பட்டினி, நீள நாக்கு உள்ளது பிழைத்தது. இப்படியே லட்சக்கணக்கான வருஷம், அது நீள இது நீள, கடைசியில் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று இல்லை என்று வந்து நிற்கிறது. முதலில் யார் ஆரம்பித்தது என்று கேட்டேன், ரெண்டும் சேர்ந்துதான்ப்பா என்றாய். நம் வீட்டில் நடப்பதும் அதுதான். நீ தேதியை நீட்ட நீட்ட அவள் பொறுமையை நீட்டுகிறாள், அவள் பொறுக்கப் பொறுக்க நீ இன்னும் நீட்டுகிறாய். நடுவில் போவது அவள் கண்.

பூ முடிந்தால் அவள் காத்திருப்பும் முடியும் என்று, அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவள் மருந்துக் கடைக்குப் போன நேரம் வலையைத் தூக்கினேன். முதலில் மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டுத் துழாவினேன், நீ கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாய். தேன்தான் அடியில், மகரந்தம் வாயிலேயே இருக்கும் என்று நீ சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கண்ணாடித் திருகாணி பிடிக்கிற சாமணத்தால் மகரந்தத்தின் மேலிருந்த சின்ன மூடியை நீக்கினேன், கடுகைவிடச் சிறியதாக இரண்டு மஞ்சள் உருண்டை ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அந்தப் பூவுக்குள்ளேயே பிசுபிசுப்பான குழியில் வைத்தேன். தொடாத பூ வாரக்கணக்கில் நிற்கும், வேலை முடிந்த பூ உடனே தலையைத் தொங்கப் போட்டுவிடும் என்று நீதான் சொன்னாய். அப்படியே நடந்தது. சனிக்கிழமை காலையில் ஈரக் காகிதமாகத் துவண்டு கிடந்தது.

அம்மா கையால் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நான் ஒப்புக்கொண்டேன். அவள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் பரவாயில்லை. அது வாடாம இருந்தா அவ வந்துடுவான்னு இருந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. மறுநாள் நீ போன் செய்தபோது பூ ஜம்முன்னு இருக்கு, நீ வா என்று உன்னிடம் சொன்னாளே, பக்கத்து அறையில் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சில ஆர்க்கிட்டில் தேனே இருக்காது, இருப்பதாகக் காட்டிப் பூச்சியை வரவழைக்கும் என்று ஒருமுறை சொன்னாய். எழுபதை நெருங்குகிற வயதில் உன் அம்மாவை அந்த ஜாதியில் சேர்த்துவிட்டாயே என்றுதான் எனக்கு ஆத்திரம். பெற்ற மகளை வரவழைக்க ஒரு பூ வேண்டும் என்று அவள் நினைக்கிறாள். உன்மேல் மட்டுமில்லை, இத்தனை நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த என்மேலும்தான் கோபம்.

ஆகவே தெளிவாகக் கேட்டுக்கொள். பூ இல்லை. உன் ஆராய்ச்சியில் நான் மண்ணைப் போட்டது உண்மை, அதற்கு என்ன திட்ட வேண்டுமோ திட்டு, நேரில் வந்து திட்டு. பின்னால் காம்பு பருத்துக்கொண்டு வருகிறது, காய் முற்ற ஒரு வருஷம் ஆகுமாமே, அதைக் காரணம் காட்டி அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லிவிடாதே. பதினெட்டாம் தேதி வலது கண்ணுக்கு நாள் வாங்கியிருக்கிறேன். பேசாவிட்டாலும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் தினமும் நான்கு வேளை சொட்டு மருந்து விட ஆள் வேண்டும், என் கை இப்போதெல்லாம் லேசாக நடுங்குகிறது.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி, நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். பதினெட்டாம் தேதியை மறக்காதே.

ஒன்று விட்டுப்போயிற்று. இன்று காலை அம்மா அந்தக் கொசுவலையைத் துவைத்துக் காயப்போட்டாள். இப்போது எழுந்து போய்ப் பார்த்தேன். உன் கட்டிலில் நான்கு மூலையும் தடவித் தடவி முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா