அந்த வார்த்தையும் என் ஸ்கூட்டரும்

அன்பு மகன் ஆஸ்டினுக்கு,

கர்த்தர் கிருபையால் அம்மா நல்ல சுகம், கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். நீயும் மருமகள் ஹெப்சியும் அந்த ஊர்க் குளிரில் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசினால் விடும்மா விடும்மா என்று பாதியிலேயே வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

குரோம்பேட்டை சிக்னலில் நடந்ததை ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொன்னேன். சிவப்பு விளக்கு, நான் ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கிறேன், பின்னால் ஒரு கார்க்காரன் விடாமல் ஹாரன் அடிக்கிறான். நான் நகரவில்லை. பச்சை விழுந்ததும் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, ஏ முண்ட, வூட்ல கெடக்காம ரோட்ல இன்னா வேல ஒனக்கு என்று கத்திவிட்டுப் போனான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பக்கத்தில் பெண்டாட்டி வேறு. அந்தம்மா போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன் ஆஸ்டின். முப்பத்தொரு வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவளுக்கு அந்த வார்த்தையின் பிறப்புத் தெரியாதா? புருஷன் செத்தவளின் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தார்களே, அவளுக்கு வைத்த பெயர் அது. அதையே வசவாகவும் ஆக்கிவிட்டார்கள். பெண்டாட்டி செத்த ஆம்பளைக்கு அப்படி ஒரு வசவு உண்டா, யோசித்துப் பார். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது, அவன் அறியாமல் சொன்னாலும் எனக்கு அது சரியாகத்தானே வந்து விழுந்தது. நானும் யோக்கியம் இல்லை. தண்ணீர் லாரிச் சண்டையில் கீழ்வீட்டு ரோஸியை அதே வார்த்தையால் திட்டியிருக்கிறேன், அர்த்தம் தெரிந்தே. நேற்றுப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு ஞாபகமே இல்லையாம், எனக்கு இருக்கிறதே.

உன்னிடம் சொல்லி அழுதால் நீ என்ன செய்தாய்? ஸ்கூட்டர வித்துடும்மா, வீட்லயே பத்திரமா இரு என்றாய். அதோடு விட்டாயா, இன்று காலையில் உன் சிநேகிதன் ஜீவானந்தம் வண்டியைப் பார்க்க ஒரு ஆளோடு வந்து நிற்கிறான். ஆஸ்டின்தான் சொன்னான் ஆண்ட்டி, நல்ல பார்ட்டி என்கிறான். யாரைக் கேட்டு? இத்தனை வருஷம் அப்பா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தே போனவள், ஐம்பத்தொன்பது வயசில் இரண்டு முறை கீழே விழுந்து ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி அது. அது இருப்பதால்தான் பள்ளிக்கரணையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் உன் சித்தியைப் போய்ப் பார்க்கிறேன், சர்ச்சில் பாடப் போகிறேன். காபி கொடுத்து இருவரையும் அனுப்பிவிட்டேன். உன் பாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வீட்டில் கிட என்று அந்தக் கார்க்காரன் சொன்னதைத்தான் நீயும் சொன்னாய், மரியாதையாகச் சொன்னாய், அவ்வளவுதான். அவன் யாரோ, சிக்னல் தாண்டியதும் போய்விட்டான். நீ நான் பெற்ற பிள்ளை, நீ சொன்னதுதான் இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்காமல் பண்ணுகிறது.

ஜீவானந்தத்துக்குப் போன் செய்து இனி ஆள் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிடு, மறக்காதே. ஹெப்சியை இருமலுக்கு வெந்நீர் குடிக்கச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எங்கே போய்விட்டு வந்தாய் என்று கேள், சந்தோஷமாகச் சொல்கிறேன். ஏன் போனாய் என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
மெட்டில்டா ஜெபசீலன்,
குரோம்பேட்டை.