பதினெட்டு மாற்றங்கள்

அன்பு மருமகளுக்கு,

தாய்மாமன் ஆசியோடு எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே குறை ஒன்றுமில்லை. உனக்கு அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு இறங்குகிறதா?

நான் எட்டாவதோடு நிறுத்தியவன்தான். ஆனால் எங்கள் கப்பல் கம்பெனி ஆபீசில் இப்போது கம்ப்யூட்டர் என்றாலே என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மேனேஜரே என் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நிற்கிறார் என்றால் பார்த்துக்கொள். நீ நான்கு வருடம் படித்ததை நான் நான்கு நாளில் பிடித்துவிட்டேன். வெளியே சொல்லாதே, உன் காலேஜுக்குக் கெட்ட பெயர்.

விஷயத்துக்கு வருகிறேன். மாலுமிகள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஓர் எழுத்து உண்டு. 'ப' என்றால் பணியில் இருப்பவர், 'ம' மறைந்தவர், 'க' காணாமல் போனவர். புது மென்பொருளுக்குக் 'க' தெரியாதாம். எல்லாக் 'க'வையும் 'ம' ஆக்கச் சொன்னார்கள். நானும் ஒரு வரி எழுதித் தட்டினேன். எந்தக் கட்டத்தில் என்று சொல்ல மறந்துபோனேன். கப்பல் எல்லாம் மப்பல், கேப்டன் எல்லாம் மேப்டன், சரக்கு சரம்மு! ஆபீசே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நல்லவேளை, முன்யோசனையோடு ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். டைப்பிஸ்ட் அம்மாள் தான் எடுத்ததாகச் சொல்லுவாள், நம்பாதே.

மறுபடி அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ஓட்டினேன். காணாமல் போனவர்கள் பத்தொன்பது பேர். 'பதினெட்டு மாற்றங்கள்' என்று திரையில் வந்தது. மாறாமல் நின்றது உன் அப்பாவின் வரி.

மென்பொருள் போட்டுக்கொடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, எழுத்துக்கு முன்னாடி ஒரு காலி இடம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. உங்க வரி முதல் இடத்தை மட்டும்தான் பாக்குது, அதான் மாட்டல" என்றார். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த வரியை ஏற்றியது நான்தான். அன்றைக்கு என் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

அவர் அந்தக் காலி இடத்தை அழித்துவிட்டு டீ குடிக்கப் போனார். உன்னிடம் மறைக்க மாட்டேன், அதைத் திரும்ப வைத்தது நான். ஆனால் புதன்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு நானே அழித்தேன். வியாழன் காலை போய்ப் பார்த்தால் அது அங்கேயே இருக்கிறது. அறைச் சாவி என் இடுப்பில். திமிங்கிலத்தைக் கயிறு போட்டு இழுத்தேன் என்பது வரை உன்னிடம் அளந்திருக்கிறேன். இது அப்படி இல்லை, தாயே.

'ம' விழுந்தால் அன்றைக்கே இயந்திரம் இரங்கல் கடிதம் அச்சடித்து உன் அம்மா பெயருக்கு அனுப்பிவிடும். இருபதாம் தேதி வரை பொறுப்பாராம் மேனேஜர். அதற்குமேல் தன் கையாலேயே மாற்றிவிடுவாராம்.

அதைச் சொல்லத்தான் உங்கள் வீட்டுக்குப் போனேன். நான் உட்கார்ந்திருக்கும்போதே உன் அம்மா குளியலறைப் பக்கம் திரும்பி, "துண்டு எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். உள்ளே விளக்கு எரியவில்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பதில் கிடைத்தவள் போலத் தலையாட்டிவிட்டு, வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

நான் ஒரு மணி நேரம் பேசினேன். எனக்கு வரப்போகும் பதவி உயர்வு, புது பஸ் நிலையம், ஊரிலிருக்கும் எல்லாரைப் பற்றியும். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "ஏதோ சொல்ல வந்தீங்களே அண்ணா?" என்றாள். "சும்மாதான்மா, பாத்துட்டுப் போலாம்னு" என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். தெருவில் இறங்கித்தான் பார்த்தேன், இடதையும் வலதையும் மாற்றிப் போட்டிருந்தேன்.

விடுப்புத் தர மாட்டார்கள் என்றால் உன் மேலதிகாரிக்கு நானே எழுதுகிறேன், என் கடிதம் கண்டால் கல்லும் கரையும். எப்படியாவது இருபதுக்குள் வந்துவிடு. தபால்காரர் வரும்போது உன் அம்மா பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்க வேண்டும். நீயே அவளிடம் சொல்லிவிடு, தாயே. நான் வெளியில் நின்றுகொள்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு, பத்திரமாக, வீடு வந்து சேர வேண்டும்.

உன் தாய்மாமன்