தெரியும் எண்டு சொல்ல ரெண்டு பேர்

பீலெஃபெல்ட்
14.01.2024

அன்புத் தங்கச்சி சுலோஜனாவுக்கு,

நான் இஞ்ச உயிரோட இருக்கிறன். நீயும் மகள் வேணுஜாவும் சுகமாய் இருப்பியள் எண்டு நானாய் நினைச்சுக்கொள்ளுறன், நீதான் ஒண்டும் சொல்லமாட்டியே. ரெலிபோனில கதைக்க வெளிக்கிட்டால் நீ கத்துவாய், பேந்து நானும் கத்துவன். அதுதான் பேப்பரை எடுத்தன்.

விசயம் இதுதான். வீட்டுக்காரன் தன்ர மகளுக்கு வீடு வேணுமாம், யூன் முடிய என்னை எழும்பட்டாம். ரெஸ்ரோரன்ட் குசினியில நிண்டு நிண்டு முழங்கால் ரெண்டும் போச்சு, மேல்வீடெண்டால் படி ஏற ஏலாது. வீடு பார்க்கப் போனால் வாசல் வரைக்கும் சனம் நிக்குது. அறுபது தாண்டின தனிக்கட்டைக்கு ஆர் தருவான்?

எசனில நீ நடத்துற வீட்டில கீழ ஒரு அறை வெறுமையாய்க் கிடக்காம். சனம் சொல்லித்தான் தெரியும். முன்னாள் போராளியளுக்குக் குறைஞ்ச வாடகையில குடுக்கிறியளாம், நல்ல விசயம். நானும் துவக்குத் தூக்கினவன்தானே, மறந்துபோனியோ? இயக்கம் வேற, அவ்வளவுதான்.

கேக்க வெக்கமாய்க் கிடக்கு. கேட்டுப்போட்டன்.

உன்ர அண்ணன்
இராசலிங்கம்


எசன்
03.02.2024

என்ர அண்ணைக்கு,

உங்கட கையெழுத்தைக் கண்டவுடன என்ன கோதாரியோ எண்டு பயந்துபோய்த்தான் பிரிச்சனான். என்ர மனுசன் செத்த நேரம் இப்பிடி ஒரு கடிதம் போட்டிருந்தால் என்ன? சரி, அதை விடுங்கோ.

நான் சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. இவர் ஒரு கால் இல்லாமல், தலைக்குள்ள குண்டுச் செல்துண்டோட, பாஷை விளங்காத ஒரு பராமரிப்பு ஹைமில தனியக் கிடந்து செத்தவர். இனி ஒருத்தரும் அப்பிடிக் கிடக்கக்கூடாதெண்டுதான் இந்த வீட்டைத் தொடங்கினனான். தேவாலயக்காரற்ற பழைய கட்டடம், எங்கட சங்கம் பொறுப்பெடுத்து நடத்துது. பதினொரு பேர் இருக்கினம். ஒருத்தருக்குக் கண் இல்லை, ஒருத்தருக்குக் கால் இல்லை, எல்லாருக்கும் நித்திரை இல்லை. ஹீற்றர் வேற பழுது. நான் படுற பாட்டை ஆரும் கேக்கிறேல்லை.

இந்த வீட்டில ஒரு வழக்கம் இருக்கு. புதுசாய் வாறவரைத் தெரியும், எங்களோட நிண்டவர் எண்டு ரெண்டு பேர் எல்லாருக்கும் முன்னால சொல்லவேணும். தொடக்கத்தில ஒருத்தன் போராளி எண்டு பொய் சொல்லி வந்திருந்து, எல்லாரையும் படமெடுத்து ஊருக்கு அனுப்பிப்போட்டான். அங்க இவையின்ர தாய் தேப்பன் வீட்டுக்கு ஆமி விசாரணைக்குப் போனது. அதுக்குப் பிறகு வந்த வழக்கம்.

நீங்கள் பயப்பிடாதேங்கோ. வயசான ரெண்டு பேரோட கதைச்சு வைச்சிருக்கிறன். ஷோனெஃபெல்ட் எயார்போட்டில வந்து இறங்க முதல், ஊரில எங்கட ஆக்களுக்கு வாகனம் ஓடினவர் எண்டு சொல்லுவினம். உங்களுக்கு ஒரு இயக்கப்பேரும் பார்த்து வைச்சிட்டன். கேட்டால் தலையை ஆட்டுங்கோ, காணும்.

அன்போட
சுலோ


பீலெஃபெல்ட்
18.02.2024

சுலோ,

உனக்கென்ன விசரே?

தெரியும் எண்டு சொல்ல எனக்கும் ஆக்கள் இருந்தவை. என்னோட இயக்கத்தில நிண்ட சேகர் இருந்தவன். நீயும் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாய். எண்பத்தாறில அவனை எங்கட ஒழுங்கையில வைச்சுச் சுட்டது உங்கட இயக்கம்தான் எண்டு உனக்கு நல்லாய்த் தெரியும். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால ஒளிச்சிருந்து பார்த்தனான். அண்டைக்கு வந்தவங்களின்ர வாகனத்தை ஓடினவன் நான் எண்டு சொல்லவோ? சொல்லிப்போட்டு அந்த வீட்டில இருந்து சோறு தின்னவோ?

மச்சான்ர செத்தவீட்டுக்கு நான் ஏன் வரேல்லை எண்டு இப்பவாவது விளங்குதோ? அந்த இயக்கக் கொடியைப் போர்த்துக் கிடந்தவரை என்னால பார்க்க ஏலாது. மனுசன் நல்ல மனுசன். அதுதான் இன்னும் கஷ்டம்.

இப்பிடிச் செய். எல்லாரையும் கூப்பிட்டு நேராய்ச் சொல்லு. இவன் என்ர அண்ணன், மற்ற இயக்கத்தில இருந்தவன், தெரியும் எண்டு சொல்ல ஒருத்தரும் மிச்சமில்லை, ஏன் மிச்சமில்லை எண்டும் உங்களுக்குத் தெரியும் எண்டு சொல்லு. விருப்பமெண்டால் எடுக்கட்டும். பொய்ப்பேரில நான் வரமாட்டன்.

வேணுஜாவைக் கேட்டதாய்ச் சொல்லு.

உன்ர அண்ணன்
இராசலிங்கம்


எசன்
21.04.2024

அண்ணை,

நீங்கள் சொன்னபடி நேராய்த்தான் சொன்னன்.

நான் சொல்லி முடியப் பிருந்தன் சில்லுக்கதிரையை உருட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தான். ரெண்டு காலும் இல்லாத பிள்ளை அவன். "அக்கா, எண்பத்தாறில நான் பிறக்கவேயில்லை. அந்த அண்ணைக்குச் சாட்சி சொல்ல ஆளில்லாமல் செய்தது எங்கட ஆக்கள்தானே? அப்ப நாங்கள்தான் சொல்லவேணும். எனக்கு அவரைத் தெரியும்" எண்டான். கண் தெரியாத புஸ்பவதி அக்கா சுவரைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி, "எனக்கும் தெரியும்" எண்டா. மற்றவையும் சரி எண்டவை. எனக்கு அழுகை வந்திட்டுது.

ஆனால் முடிவு எடுக்கிறது சங்கத்தின்ர நிர்வாகம். எங்கட பொருளாளர் முருகேசு அண்ணை, எண்பத்தஞ்சிலயே இஞ்ச வந்து கடை போட்டவர், துவக்கைப் படத்தில மட்டும் கண்ட மனுசன். நிர்வாகக் கூட்டத்தில அவர் எழும்பி, "துரோகியை வைச்சிருக்கிற வீட்டுக்குச் சனம் ஒரு சதமும் தராது, ஹீற்றருக்கு நான் சேர்த்த காசும் இல்லை" எண்டார். நிர்வாகத்தில அரைவாசி அவற்ற பக்கம், அரைவாசி உங்கட பக்கம். தலைவி எண்டு கடைசியாய் என்னைப் பார்த்தினம்.

நான் கையை உயர்த்தேல்லை, அண்ணை.

அவர் காசை நிப்பாட்டினால் இந்தப் பதினொரு பேரும் எங்க போறது? பிருந்தனுக்கு ஆர் வீடு குடுப்பான்? நீங்கள் எப்பிடியும் சமாளிப்பியள் எண்டு நினைச்சன். என்ர இடத்தில நீங்கள் எண்டாலும் இதைத்தானே செய்திருப்பியள்? சொல்லுங்கோ. நாலு பேச்சுப் பேசியாவது எழுதுங்கோ. எழுதாமல் மட்டும் இருக்காதேங்கோ.

உங்கட
சுலோ


எசன்
09.10.2024

என்ர அண்ணை,

முந்திப் போட்ட கடிதம் ஒண்டுக்கும் பதிலில்லை. வீடில்லாத ஆண்கள் தங்கிற ஹைம் ஒண்டில மூண்டு பேரோட ஒரு அறையில இருக்கிறியளாம். வேணுஜாதான் விலாசம் தந்தவள். உங்களை நினைச்சால் எனக்குச் சோறு இறங்கிறேல்லை.

நான் பயந்தது ஒண்டும் நடக்கேல்லை, அண்ணை. பிருந்தன் ஆக்கள் அந்த முடிவை ஒத்துக்கொள்ளேல்லை. மாசக்கணக்காய் என்னோட ஒருத்தரும் கதைக்கேல்லை, நான் சமைச்சதை வாங்கி வைச்சிட்டுத் தங்கட பாட்டில போவினம். பிறகு எல்லாருமாய்க் கூட்டம் கூட்டச்சொல்லி முருகேசு அண்ணையைப் பதவியால எழுப்பிப்போட்டினம். அவர் சொன்னமாதிரியே காசை நிப்பாட்டினார். பிருந்தன் தேவாலயத்தில பிளோறன்ஸ் எண்ட அம்மாவைச் சந்திக்க டெர்மின் எடுத்துப் போய்க் கதைச்சான். வீடு அவையின்ரதானே, ஒரு கிழமையில புது ஹீற்றர் பூட்டித் தந்தினம். கேட்டிருந்தால் எனக்கும் தந்திருப்பினம். நான் கேக்கவேயில்லை, முருகேசு அண்ணையை நம்பிக்கொண்டு இருந்திட்டன்.

கீழ் அறை உங்களுக்குத்தான் எண்டு எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தாச்சு. பெயின்ற் அடிச்சு, குளிக்கிற இடத்தில பிடிச்சுக்கொள்ளக் கம்பியும் பூட்டியிருக்கிறன். வாங்கோ, அண்ணை. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

உங்கட தங்கச்சி
சுலோ


பீலெஃபெல்ட்
20.10.2024

சுலோஜனா,

கடிதங்கள் எல்லாம் கிடைச்சது.

அறையை வேற ஆருக்கும் குடு. இஞ்ச பரவாயில்லை. ஒருத்தன் குறட்டை விடுவான், மற்றவன் குடிச்சால் பாட்டுப் படிப்பான். வந்த நாள் சிகரெட் பத்துவனோ எண்டு மட்டும்தான் என்னட்டைக் கேட்டவை.

உன்ர இடத்தில நானும் அதைத்தான் செய்திருப்பனோ எண்டு கேட்டாய். செய்திருக்கவும்கூடும். அதுக்காக எனக்கு நோகாதோ? சேகரைச் சுட்டவங்களில எனக்குக் கோவம் இருக்கு, சாகுமட்டும் இருக்கும். ஆனால் அவங்களிட்ட நான் ஒண்டையும் எதிர்பார்க்கேல்லை. உன்னட்டைத்தான் எதிர்பார்த்தனான்.

பிருந்தன் ஞாயிற்றுக்கிழமையில எனக்கு ரெலிபோன் எடுக்கிறவன். எங்கட இயக்கம், உங்கட இயக்கம் எண்டு நல்லாய்ச் சண்டை பிடிப்பம், பேந்து சிரிப்பம். மீன்குழம்பு காய்ச்சிக்கொண்டு வாங்கோ அண்ணை எண்டு கனநாளாய்க் கேக்கிறான். வாற சனிக்கிழமை கொண்டுவாறன். புஸ்பவதி அக்காவுக்கும் சேர்த்துத்தான் காய்ச்சுறன்.

பின்னேரம் ரெண்டு மணிக்கு வருவன். அந்தநேரம் நீ அங்க நில்லாதே.

இராசலிங்கம்