சலோமியின் கோழிகள்

8.2.1979
மில்லிலிருந்து வந்தபோது சலோமி கொல்லையில் இருந்தாள். கருப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டதாம். கூடையில் வைக்கோல் பரப்பி முட்டை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நடராசன், மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். ஒரு முட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்து என்னமோ சொன்னான். அவள் சிரித்தாள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

காப்பியை நானே போட்டுக்கொண்டேன்.

15.2.1979
மறுபடி வந்திருக்கிறான். ஓட்டைப் பானையில் சாணியும் வைக்கோலும் அடைத்துக் கவிழ்த்து வைத்தால் கரையான் பிடிக்குமாம், குஞ்சுக்கு நல்ல தீனியாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் இவ்வளவு கேள்வி கேட்டதுண்டா?

2.3.1979
குஞ்சு பொரித்துவிட்டது. முதலில் அவனிடம்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சோற்றோடு சேதி.

9.3.1979
மருந்துப் பெட்டியோடு வந்தான்.

"பூவம் ஊர்ப் பக்கம் கோழிங்களுக்கு வெள்ளைக் கழிச்சல் கண்டிருக்கு சார். பெருசுக்கு ஊசி, குஞ்சுக்குச் சொட்டு. இப்பவே போட்டுடலாம்."

"எங்க கோழிய நாங்க பாத்துக்குவோம். இனிமே இந்தப் பக்கம் வராதய்யா" என்றேன்.

சலோமி கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

10.3.1979
குளிர்ந்ததா? அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

21.3.1979
செவலைக் கோழி இறக்கையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. வெள்ளையாகக் கழிகிறது. கருப்பையும் குஞ்சுகளையும் சலோமி அடுப்படிக்குள் தனியாக அடைத்துவிட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

23.3.1979
வெளியில நின்னதெல்லாம் போச்சு. நேத்துவரை முட்டை போட்டதுங்க, கழுத்தத் திருகிக்கிட்டு விழுந்துடுச்சுங்க. தென்னையடியில் சலோமி குழி வெட்டினாள். மண்வெட்டியை வாங்கப் போனேன்.

"வேணாங்க. நானே பாத்துக்கிறேன்."

திட்டியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல?

24.3.1979
விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நடராசன் வீட்டுக்குப் போனேன். "மனசுல வச்சுக்காதீங்க. குஞ்சாவது பொழைக்கணும், வாங்க."

சட்டையை மாட்டிக்கொண்டே, "செத்ததத் தொட்ட கையோட குஞ்சுகிட்ட போகலையே சார்?" என்றான். அவ்வளவுதான். அதுவும் எரிந்தது — அவன் கோபித்திருந்தால் தேவலை.

20.4.1979
குஞ்சுகளும் கருப்பும் கொல்லையெல்லாம் கிளறித் திரிகின்றன. நடராசன் மறுபடி மருந்து போட வந்தான். ஒவ்வொன்றாக நான் பிடித்துக் கொடுத்தேன். அவர்கள் இருவரும் திடீரென்று சிரித்தார்கள். பழைய எரிச்சல் வந்தது. ஆனாலும், "என்ன சிரிப்பு?" என்று கேட்டேன்.

"நீங்க குஞ்சப் புடிச்சிருக்கிறதப் பாருங்க. மாதா கோயில்ல நன்மை அப்பம் வாங்கப் போற புள்ள மாதிரி, கைய இறுக்கிக் கூப்பிக்கிட்டு" என்றாள் சலோமி.

எப்படிப் பிடிப்பதென்று தன் கையைத் தளர்த்திக் காட்டினாள். அடுத்த குஞ்சை அவளே என் உள்ளங்கையில் வைத்தாள்.