அசிட் அறை ஸ்கூட்டரின் மூன்று ஸ்குரூக்கள்

1999 பெப்ரவரி 8, திங்கள்

வேலை ஒழுங்கு:
1. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஸ்குரூத் தலையில் விட்டு ஊற வைப்பது. அவசரம் கூடாது.
2. பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவர் மட்டுமே. தொளதொளவென்றிருப்பது பள்ளத்தைத் தின்றுவிடும்.
3. அசையாவிட்டால் சூடு.
4. அதற்கும் அசையாவிட்டால் தலையைத் துளைத்து எடுப்பது. கடைசி வழி.
5. தனியாகவே செய்வது. இன்னொருவர் தேவையில்லை.

நேற்று சரோன் வத்தளையிலிருந்து வந்தாள். தன் தாய் லூர்தம்மாவின் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்து சொன்னாள்: “அப்பா, கிளினிக் போக மூணு மைல் நடக்கிறீங்க. வழியில விழுந்தா யாருக்குத் தெரியும்? ஈஸ்டருக்கு வருவேன். அதுக்குள்ள ஒரு வழி பண்ணிக் காட்டுங்க. இல்லாட்டி பெட்டியக் கட்டுங்க.”

வழி என்றால் என்னிடம் இருப்பது பழைய வெஸ்பா ஒன்றுதான். இடமில்லாமல் றப்பர் ஸ்டோரில் அசிட் ஜாடிகளோடு வருஷக்கணக்காய் நின்றது. றப்பர் பாலை உறைய வைக்கும் அசிட், இரும்பையும் உறைய வைத்துவிட்டது. எஞ்சினுக்குள் வயர்களை எலி கடித்திருக்கிறது. மாற்ற வேண்டுமானால் பிளைவீல் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள தட்டைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருப்பவை மூன்று ஸ்குரூக்கள்.

மகள் வீட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ?

பெப்ரவரி 11

ஊறுகிறது. மழை. யாரும் வரவில்லை.

பெப்ரவரி 19

முதல் ஸ்குரூ வந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்துப் பின்னால் சுத்தியலால் மெல்லத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். கிரீச்சென்று ஒரு சத்தம். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காட்ட ஆளில்லை. ஜாம் போத்தலில் போட்டு மூடினேன்.

மார்ச் 2, செவ்வாய்

கரவனெல்லையில் பிரஷர் கிளினிக். போகும்போது பக்கத்துத் தோட்ட லயத்து வீட்டுக் கருப்பாயி முன்னால் நடந்துகொண்டிருந்தார். றப்பர் பால் வெட்டி ஓய்வு பெற்றவர், நல்ல பருத்த உடம்பு, என் வயதிருக்கும். எட்டிப் பிடித்தால் என்ன பேசுவது? நடையைக் குறைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மீராசாஹிப் கடையில் சரியான ஸ்குரூ டிரைவர் கிடைத்தது. தண்டு சதுரம், ஸ்பேனர் கவ்வும்.

மார்ச் 9

கெடுத்துவிட்டேன். இரண்டாவதன் பள்ளம் போய்விட்டது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு காட்டினேன், ஆறும் முன்னே திருப்பிவிட்டேன் - ஏன்டா இந்த அவசரம்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் பொறுமை சொல்லிக் குடுத்தவன் நீ. மூன்றாவதும் அசையவில்லை. என் உடம்பு போதாது. திருப்பும் விசையைவிட அழுத்தும் விசை பெரிதாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பாடம்.

பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டினேன். திரும்பத் தள்ளிவிட்டேன்.

மார்ச் 20, சனி

வெட்கக்கேடான நாள், ஆனாலும் எழுதுகிறேன். இரண்டாவதன் தலையில் அரம்வாளால் புதுப் பள்ளம் வெட்டினேன். ஸ்கூட்டரைச் சாக்கின்மேல் சாய்த்து, ஸ்குரூ டிரைவரை நிமிர்த்தி, அழுத்தத்துக்காக அதன் பிடியில் தண்ணீர் வாளியைக் கட்டினேன். வாளி கவிழ்ந்து முற்றமெங்கும் தண்ணீர். சத்தம் கேட்டுக் கருப்பாயி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்னாங்க மாஸ்டர், ஸ்கூட்டருக்கு ஞானஸ்நானமா?”

நான் விசையையும் அழுத்தத்தையும் விளக்கினேன்.

“பாரம்தானே வேணும்? அதச் சொல்றதுக்கு ஏன் இம்புட்டுப் பாடம்?” என்று உள்ளே வந்தார். பிடியின்மேல் மடித்த சாக்கை வைத்து, இரு கையையும் ஊன்றிச் சாய்ந்தார். “எங்க வீட்டுக்காரரு இருக்கும்போது தின்னே வீங்கிட்டேன்னு ஏசுவாரு. இப்ப பாருங்க, ஒதவுது. திருப்புங்க.”

நான் ஸ்பேனரைத் தண்டில் மாட்டி மயிரிழை இறுக்கி, பிறகு இழுத்தேன். டக்கென்று விட்டது. மூன்றாவதும் அப்படியே.

லயத்து வாசலில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அவர் பாட்டுக்குத் தேத்தண்ணி கேட்டார். வீட்டில் ஒரு கோப்பைதான் வெளியே இருந்தது. மற்றதை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்துக் கழுவினேன்.

மார்ச் 28, குருத்து ஞாயிறு

புது வயர்கள் போட்டாயிற்று. பின்னேரம் எஞ்சின் பிடித்தது, இருமியது, நின்றது.

ஏப்ரல் 4, ஈஸ்டர்

சரோன் வெறும் பை ஒன்றோடு வந்தாள், என் துணிகளுக்காக. ஸ்கூட்டரை உதைத்துக் காட்டினேன். புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. கோயில் மேட்டில் பாதி ஏறி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் பையைத் திறந்தாள். நான் பெட்டியை இழுக்கக் குனிந்தேன்.

வேலிப் பக்கமிருந்து குரல்: “மாஸ்டர், அமுக்கணுமா?”

“நீங்க யாரும்மா?” என்றாள் சரோன்.

“நானா? அமுக்குற ஆளு.”

சரோன் சிரித்துவிட்டாள். அவள் தாய் போன பிறகு இந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு கிளினிக்குக்கு அப்பா தனியாக நடப்பதைச் சொல்லிக் குறைப்பட்டாள்.

“எங்க தனியா? எனக்கும் அதே செவ்வாக்கிழமதாம்மா கிளினிக்கு. மூணு வருசமா ஒரே ரோட்டுல நான் முன்னுக்கு, இவரு பின்னுக்கு. நான் நின்னா இவரும் நிப்பாரு. சரி, படிச்ச மனுசன், ஏதோ யோசனன்னு விட்டுட்டேன்.”

சரோன் என்னைப் பார்த்தாள். நான் ஸ்கூட்டரைப் பார்த்தேன்.

நாலு மணி பஸ்ஸுக்கு அவள் புறப்பட்டாள். பை வெறுமையாகவே போயிற்று.

நாளை மறுநாள் கிளினிக். ஆறரைக்கு வேலியடியில் நிற்கச் சொல்லியிருக்கிறார் கருப்பாயி.

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாலு வரை சரி. ஐந்தாவது, ‘தனியாகவே’ என்றது, பிழை. சிவப்பு மையால் கோடு போட்டேன், அழிக்கவில்லை.